ஃபிளாஸ்க்யூல்: பூவுக்குள் இருக்கும் பூ

ஆங்கில அகராதிகளில் ‘ஃபிளாஸ்க்யூல்’ என்றொரு அரிய சொல் உண்டு. ‘சிறு பூ’ என்று பொருள் போட்டிருக்கும். அதை நம்பி முல்லைக்கோ வேப்பம்பூவுக்கோ இந்தச் சொல்லைப் போட்டால் தவறு. முல்லை எவ்வளவு சிறிதானாலும் தனிப் பூ. சங்கப் பாடல்களில் வரும் ‘சிறுவீ முல்லை’, ‘சிறுவீ ஞாழல்’ எல்லாம் அப்படித்தான். அங்கே சிறுமை அளவைப் பற்றியது. ஃபிளாஸ்க்யூலில் அளவைவிட இருப்பிடம் முக்கியம். கண்ணுக்கு ஒரே பூவாகத் தெரியும் ஒரு கூட்டத்தில் உறுப்பாக இருக்கும் பூவுக்குத்தான் அந்தப் பெயர்.

லத்தீனில் ‘ஃபுளோஸ்’ என்றால் பூ. அதன் குறுமை வடிவம் ‘ஃபுளோஸ்குலுஸ்’. பேச்சிலும் எழுத்திலும் வரும் அலங்காரத் தொடரையும் ரோமானியர் இதே சொல்லால் குறித்தார்கள். அதே வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த ‘ஃபுளோரெட்’டைத்தான் இன்றைய தாவரவியல் பயன்படுத்துகிறது, தமிழ்ப் பாடநூல்களில் அது ‘சிறுமலர்’. ஃபிளாஸ்க்யூல் பழைய நூல்களோடு பெரும்பாலும் நின்றுவிட்டது.

பொருளைக் கையால் தொட்டுப் பார்க்க ஒரு சூரியகாந்தி போதும். வெளி வட்டம் மலர்ந்து, நடு இன்னும் மொட்டாக இருக்கும் பூத்தலையாக எடுங்கள். காம்பின் நேர்கோட்டில் பிளேடால் இரண்டாக வெட்டி, மஞ்சள் ‘இதழ்’ ஒன்றை அடியோடு உருவுங்கள். அதன் அடியில் குட்டிச் சூலகம் ஒட்டியிருக்கும். இதழுக்கு ஏது சூலகம்? அது இதழ் அல்ல, ஒரு முழுச் சிறுமலர். சூரியகாந்தியில் அது மலடு, பூச்சியை அழைப்பதே அதன் வேலை. செண்டுமல்லியில் அப்படியில்லை. அங்கே ஓரத்து மலர்கள் பெண் மலர்கள், விதை கட்டும்.

அடுத்து நடுத்தட்டிலிருந்து ஊசியால் ஒன்றை நெம்பி எடுத்து, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். அடியில் சூலகம், மேலே ஐந்து பல் கொண்ட குழல், அதற்குள் ஐந்து மகரந்தப்பைகள் ஒட்டிய இன்னொரு குழாய். கூடவே ஒரு காய்ந்த செதில் வந்தால் அதைப் புல்லிவட்டம் என்று எண்ணிவிடக் கூடாது. அது சிறுமலர்களுக்கு இடையே நிற்கும் பூவடிச் செதில். முதன்முறை பிரிப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுவார்கள். கடைச் சாமந்தியில் முயன்றால் குழல் மலர் கிடைப்பது அரிது. அடுக்குச் சாமந்தியில் ஏறக்குறைய எல்லாம் நாக்குபோல் நீண்டவையே.

இந்தக் குழலுக்குள் நடப்பதுதான் அழகு. மகரந்தப்பைகள் உட்பக்கமாக வெடித்துத் தூளைக் குழாய்க்குள் கொட்டுகின்றன. கீழிருந்து வளரும் சூல்தண்டு, முறுக்கு உழக்கு மாவைத் தள்ளுவதுபோல, அதை வெளியே தள்ளுகிறது. முதல் நாள் அந்த மலர் ஆண். மறுநாள் சூல்தண்டின் நுனி இரண்டாகப் பிளந்து சுருள, பெண்ணாகிவிடுகிறது. ஒரு தலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுமலர்கள் இருக்கலாம். அவை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வட்டம் வட்டமாக மலர்வதால், ஒரே தலை பல நாட்களுக்குப் பூத்துக்கொண்டே இருக்கும்.

சூரியகாந்தி விவசாயிக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. ஒரு சிறுமலர் சூல் கொண்டால் ஒரு மணி, கொள்ளாவிட்டால் பதர். நடுத்தட்டின் மையத்துக்குச் சத்து கடைசியாகத்தான் போய்ச் சேரும், மகரந்தமும் குறையும். அதனால் பதர் அங்கே கூடுதல். பல ரகங்கள் தன் மகரந்தத்தை ஏற்பதுமில்லை, தேனீ வந்தே ஆக வேண்டும். பூக்கும் நாட்களில் பூச்சிமருந்து அடித்தால் வரும் தேனீயும் போய்விடும். தேனீ குறைந்த வயலில், காலையில் மெல்லிய துணியைக் கையில் சுற்றித் தலைகளை ஒன்று மாற்றி ஒன்றாக மெதுவாகத் தடவுவார்கள். பூப்பது நாட்கணக்கில் நடப்பதால் ஒருமுறை தடவி நிறுத்தினால் போதாது. போரான் என்ற நுண்சத்தின் பற்றாக்குறையும் பதருக்குக் காரணம். ஓரத்து மலர்கள் விரியும்போது லிட்டருக்கு 2 கிராம் போராக்ஸ் கரைத்துத் தலையில் தெளிக்கப் பரிந்துரைப்பது அதனால்தான்.

பிரெஞ்சுத் தாவரவியலாளர் தூர்னஃபோர் 1694-இல் இத்தகைய பூக்கூட்டங்களை மூன்று வகுப்புகளாகப் பிரித்தார்: தலை முழுவதும் குழல் மலரானால் ‘ஃபிளாஸ்க்யூலஸ்’, முழுவதும் நாக்கு மலரானால் ‘செமி-ஃபிளாஸ்க்யூலஸ்’, நடுவில் குழலும் ஓரத்தில் நாக்குமானால் கதிர் வகை. நம் வயலோரக் கொட்டைக்கரந்தை முதல் வகை. காப்பித்தூளில் வேரைக் கலக்கும் சிக்கரி இரண்டாம் வகை. அதன் நீலப் பூவில் ஒவ்வொரு நாக்கின் நுனியிலும் ஐந்து பல் எண்ணலாம். பிள்ளைகள் தலையைச் சுண்டி விளையாடும் தாத்தாப்பூ மூன்றாம் வகை. அதன் ஓரத்து நாக்குகளில் மூன்றே பல்.

சமையல் குறிப்புகளில் காலிஃபிளவர் துண்டையும் ‘ஃபுளோரெட்’ என்கிறார்கள். அங்கே இந்தக் கணக்கு பொருந்தாது. நாம் ஒடித்துப் போடும் துண்டு ஒரு பூ அல்ல, பூவாக முதிராமல் நின்றுபோன கிளைத்தொகுதி.