குளத்துக்குத் தண்ணீர் விட்டுப் பத்து நாளா? மீன்குஞ்சு விடாதீர்கள்

"சேர், பை பையாக் குஞ்சு விட்டனாங்கள். ஒரு கிழமையால வலை இழுத்துப் பார்த்தா ஒண்டையும் காணேல்லை."

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் மீன்குஞ்சு வளர்ப்புக் குளம் வைத்திருப்பவர்களிடம் மாரி தொடங்கினால் இந்தக் கதைதான். பழி முதலில் குஞ்சு தந்தவர் தலையில் விழும், பிறகு கொக்கு, தண்ணிப்பாம்பு. செத்த குஞ்சு மிதந்திருந்தால் அது வேறு விசயம். மிதக்காமலே காணாமற் போயிருந்தால் நான் கேட்பது ஒன்றுதான்: தண்ணீர் விட்டு எத்தனை நாள்?

கண்ணாடிக் கிளாசில் குளத்துத் தண்ணீரை அள்ளி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெள்ளைப் புள்ளிகள் விட்டுவிட்டு வெட்டிப் பாய்ந்தால் அவை சைக்கிளொப்ஸ். இறாலுக்குத் தூரத்துச் சொந்தம், ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர். லென்ஸ் இருந்தால் தலையில் ஒற்றைக் கண் தெரியும். பெண்ணென்றால் வாலின் இருபுறமும் முட்டைப்பை தொங்கும். உடம்பளவு நீண்ட மீசையும் ஒரேயொரு முட்டைப்பையுமாய்ச் சறுக்கிப் போகும் இன்னொரு வகையும் உண்டு. அதற்குப் பெரிதாகப் பயப்படத் தேவையில்லை.

பொரித்து மூன்று நாளான கட்லா, ரோகுக் குஞ்சு ஆறு மில்லிமீற்றர் வரும். தன்னைவிடப் பல மடங்கு பெரிய அதைத்தான் சைக்கிளொப்ஸ் பிடிக்கிறது. மஞ்சட்கரு அப்போதுதான் வற்றியிருப்பதால் குஞ்சுக்கு உதறித் தப்பப் பலமில்லை. வால் செட்டையிலும் வயிற்றிலும் தொற்றிக் கடிக்கும், ஒன்று விட்டால் இன்னொன்று. செட்டை கிழிந்த குஞ்சு அடியில் போய்ச் சாகும், மிச்சத்தையும் அவையே தின்றுவிடும். பிறகு கரையில் நின்று எதைக் காண்பது?

எரு போட்டுத் தண்ணீர் விட்டால் முதலில் பெருகுவது ரொட்டிபர் போன்ற மிகச் சிறிய உயிர்கள். குஞ்சின் முதல் தீன் அதுதான். பிறகு தண்ணீர்த்தெள்ளு எனப்படும் டப்னியா வகை, அதன் பின்னால் சைக்கிளொப்ஸ் கூட்டம். ஆகவே தண்ணீர் விட்ட நான்காம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் குஞ்சு இறங்க வேண்டும். எங்கள் ஆட்களோ வாய்க்கால் திறந்ததும் குளத்தை நிரப்பிவிட்டு, தம்புள்ளை, உடவளவை மீன்குஞ்சு நிலையங்களிலிருந்து குஞ்சுப் பை வரும் வரை காத்திருப்பார்கள். முதலில் பை வரும் நாளை உறுதிசெய்யுங்கள், பிறகு மடையைத் திறவுங்கள்.

இன்னொன்று, அரைவளர்ச்சிச் சைக்கிளொப்ஸ் சேற்றுக்குள்ளே உறங்கிக் கிடந்து, தண்ணீர் பட்டதும் எழும்பும். கோடையில் அடிச்சேறு வெடிக்கக் காயவிட்டுச் சுண்ணாம்பு போடுவது இதற்காகவும்தான். வாய்க்கால் தண்ணீரை நெருக்கமான துணியில் வடித்து விடுங்கள். பெரியவை நிற்கும், அவற்றின் பொடிக்குஞ்சுகள் நழுவும். துணியை நம்பி நாளைத் தள்ளிப்போட வேண்டாம்.

பை பிந்திவிட்டதென்றால் தண்ணீரை இறக்கிப் புதிதாக விடலாம். இல்லையேல் சீமெந்துத் தொட்டியில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, அவித்த முட்டை மஞ்சட்கருவைத் துணியில் வடித்துக் கொடுத்துச் சில நாள் வளர்க்கலாம். குஞ்சு தடித்து ஓடத் தொடங்கினால் சைக்கிளொப்ஸையே பிடித்துத் தின்னும்.

வியட்நாமில் இதே குடும்பத்து உயிரை டெங்கு நுளம்பின் புழுக்களைத் தின்ன வைத்துப் பயனடைந்தார்கள், நமக்குத்தான் இடைஞ்சல். அதற்காக வயலுக்கு அடித்து மிஞ்சிய பூச்சிமருந்தைக் குளத்தில் ஊற்றுவோர் இருக்கிறார்கள். டப்னியாவும் சேர்ந்து சாகும், அந்தத் தண்ணீரை மாடும் குடிக்கும். தயவுசெய்து வேண்டாம்.