புரோபேட் ரத்து: எதைத் திரும்பப் பெறுகிறார்கள்?

‘அப்பா எழுதின உயிலை ரத்து பண்ணச் சொல்லி கேஸ் போட்டிருக்கோம்’ என்று சொல்பவர்களைக் கேட்டிருப்பீர்கள். உயிலை ரத்து செய்ய ஒரே ஒருவரால்தான் முடியும், எழுதியவரால். அதுவும் அவர் உயிரோடும் தெளிந்த மனதோடும் இருக்கும்வரைதான். அவர் காலமாகி, நீதிமன்றம் அந்த உயிலை ஏற்று, அது மெய்யானது என்று சான்றளிக்கும் புரோபேட்டும் கொடுத்துவிட்ட பிறகு, வாரிசுகள் ரத்து கேட்பது அந்தப் புரோபேட்டை. இரண்டும் பேச்சில் ஒன்றாகிவிட்டதால், வழக்கில் எதைக் காட்ட வேண்டும் என்பதிலேயே பலர் தடுமாறுகிறார்கள்.

புரோபேட் லத்தீனிலிருந்து வந்த சொல். ‘புரோபாரே’ என்றால் சோதித்துப் பார்ப்பது, மெய்ப்பிப்பது. ‘புரோபாட்டும்’ என்றால் மெய்ப்பிக்கப்பட்டது. இங்கிலாந்தில் உயில்களைச் சரிபார்க்கும் வேலை நெடுங்காலம் திருச்சபை நீதிமன்றங்களிடம் இருந்தது. 1857-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதை அரசு நீதிமன்றத்துக்கு மாற்றியது. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925 புரோபேட்டுக்குத் தரும் பொருள் மிக எளிமையானது: நீதிமன்ற முத்திரையோடு சான்றளிக்கப்பட்ட உயிலின் நகல், கூடவே இறந்தவரின் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரம். உயிலிலேயே நியமிக்கப்பட்ட நிறைவேற்றுநருக்கு மட்டும்தான் இது கிடைக்கும்.

உயில் என்பதும் ஆங்கில ‘வில்’ தமிழ் நாக்கில் புரண்டு வந்ததுதான். ‘இறுதி முறி’, ‘விருப்புறுதி’, ‘மரண சாசனம்’ எல்லாம் உண்டு. ஆனாலும் உயில் நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது, அதை மாற்றத் தேவையில்லை. புரோபேட்டுக்குத்தான் நல்ல தமிழ் வேண்டும். ‘நீதிமன்ற ஒப்புதல்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது. ஒப்புதல் என்றதும், இந்தப் பங்கீடு நியாயமானது என்று நீதிபதி தலையாட்டிவிட்டதுபோலத் தோன்றுகிறது. அவர் அப்படி எதுவும் சொல்வதில்லை. இது இன்னாருடைய கடைசி உயில், தெளிந்த மனதோடு சட்டப்படி சாட்சிகள் முன் எழுதப்பட்டது, அவ்வளவுதான். உயிலில் சொன்ன வீடு உண்மையில் அவருடையதுதானா என்பதைக்கூட புரோபேட் நீதிமன்றம் தீர்மானிக்காது. அதற்குத் தனியாக உரிமையியல் வழக்கு வேண்டும்.

அதனால் ‘உயில் மெய்ப்பிதழ்’ என்பதே சரி என்பேன். அச்சகத்தில் புரூஃப் திருத்துவதை மெய்ப்புப் பார்ப்பது என்கிறோம் இல்லையா? புரூஃபும் புரோபேட்டும் ஒரே வேரில் கிளைத்தவை. ஒரே ‘மெய்ப்பு’ இரண்டுக்கும் பொருந்துவது தமிழுக்கு வாய்த்த நல்ல பொருத்தம்.

சரி, ரத்து? அது அரபியிலிருந்து உருது வழியாக வந்தது. சட்டத்தின் ஆங்கில மூலத்தில் இரண்டு வினைகள் இருக்கின்றன: ‘ரிவோக்’ (revoke), ‘அனல்’ (annul). முதலாவது ‘திரும்ப அழை’ என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழில் திரும்பப் பெறுதல். இரண்டாவது, இல்லாததாக்குதல். 263-ஆம் பிரிவு இரண்டுக்கும் கேட்பது ‘தக்க காரணம்’. எவை தக்க காரணம் என்றும் அதுவே சொல்கிறது: நடைமுறையில் அடிப்படைக் குறை, பொய் சொல்லியோ முக்கியமானதை மறைத்தோ பெற்றது, தெரியாமலே சொன்னாலும் அவசியமான ஒரு விவரம் பொய்யாக இருப்பது, சூழ்நிலை மாறி மெய்ப்பிதழ் பயனற்றுப் போவது, சொத்துக் கணக்கை நிறைவேற்றுநர் வேண்டுமென்றே தாக்கல் செய்யாமல் விடுவது. உயில் போலி என்று தெரிவது, பிந்திய உயில் கிடைப்பது ஆகியவற்றைச் சட்டமே எடுத்துக்காட்டாகத் தருகிறது.

நீதிமன்றத்தில் அடிக்கடி கேட்கும் புகார், ‘எங்களுக்கு நோட்டீஸே வரவில்லை’ என்பதுதான். அழைக்கப்பட வேண்டிய வாரிசை அழைக்காமல் வாங்கிய மெய்ப்பிதழைத் திரும்பப் பெற, பொதுவாக அதுவே போதும். ஆனால் எந்நிலையிலும் அப்படியே ஆகிவிடும் என்றில்லை, மற்றவற்றையும் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1955-இலேயே சொல்லிவிட்டது. ஆகவே நோட்டீஸ் வரவில்லை என்று மட்டும் சொல்லி நிற்காமல், வந்திருந்தால் உயிலுக்கு எதிராக எதைக் காட்டியிருப்பீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது. கையெழுத்து ஐயமா, எழுதும்போது நினைவு தப்பியிருந்தாரா, யாராவது மிரட்டினார்களா?

மேல்முறையீட்டோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மேல்முறையீடு, தீர்ப்பு தவறு என்று மேல் நீதிமன்றத்திடம் சொல்வது. இதுவோ மெய்ப்பிதழ் கொடுத்த நீதிமன்றத்திடமே போய், உங்களிடம் முழு உண்மை வரவில்லை என்று சொல்வது. கால வரம்பு உண்டு. விண்ணப்பிக்கும் உரிமை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் என்னும் விதி இதற்கும் பொருந்தும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. குடும்பத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்கள் இழப்பது பெரும்பாலும் இந்தக் காலத்தைத்தான்.

அப்புறம், திரும்பப் பெற்ற பிறகு என்ன ஆகும்? அதற்கு முன்பு மெய்ப்பிதழை நம்பி நிறைவேற்றுநரிடம் நல்லெண்ணத்தோடு கடனைக் கட்டியவர், இன்னொரு முறை கட்ட வேண்டியதில்லை. நிறைவேற்றுநர் அந்தத் தாளை, கொடுத்த நீதிமன்றத்திலேயே உடனே ஒப்படைக்க வேண்டும். நியாயமான காரணமின்றி வேண்டுமென்றே வைத்துக்கொண்டால் அபராதமோ 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோகூட உண்டு.