மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லையா? சான்றிதழுக்கு முன்பே கிடைக்கும் அரசு உதவி

‘ஆண் பிள்ளை கொஞ்சம் தாமதமாகத்தான் பேசுவான்’, ‘அவன் அப்பாவும் நான்கு வயதில்தான் வாய் திறந்தார்.’ வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொல்லும் இந்த ஆறுதலிலேயே பல குழந்தைகளுக்கு ஒரு வருடம் கழிந்துவிடுகிறது. தாய்க்கு உள்ளுக்குள் சந்தேகம் இருக்கும். ஆனால், ஆஸ்பத்திரிக்குப் போனால் ‘முத்திரை குத்திவிடுவார்கள்’ என்ற பயமும், சான்றிதழ் வாங்கினால்தான் அரசு உதவி கிடைக்கும் என்ற எண்ணமும் சேர்ந்து அவரைத் தடுத்துவிடும். இரண்டாவது எண்ணம் முழுத் தவறு. வளர்ச்சித் தாமதத்துக்கான இலவசப் பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் தேவையே இல்லை. நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. பெற்றோரின் சந்தேகமே போதும்.

இந்த உதவியைத் தருவது தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் 2013-ல் தொடங்கப்பட்ட ‘ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம்’. அலுவலகங்களில் ஆர்.பி.எஸ்.கே. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பிறந்தது முதல் 18 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. பிறவிக் குறைபாடுகள், சத்துக் குறைபாடுகள், குழந்தைப் பருவ நோய்கள், வளர்ச்சித் தாமதங்கள் ஆகிய நான்கையும் தொடக்கத்திலேயே கண்டுபிடித்துச் சிகிச்சைக்கு அனுப்புவதுதான் இதன் வேலை. பேச்சுத் தாமதம், அறிவு வளர்ச்சித் தாமதம், உடல் இயக்கத் தாமதம், செவித்திறன் குறைபாடு, பிறரோடு பழகுவதையும் பேசுவதையும் கடினமாக்கும் ஆட்டிசம், கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. ஆகியவை நான்காவது வகையில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளன. இருதய ஓட்டைக்கும் உதட்டுப் பிளவுக்கும் இத்திட்டத்தில் அறுவை சிகிச்சை செய்வது பலருக்குத் தெரியும். பேசாத குழந்தைக்கும், ஓர் இடத்தில் நிற்காத குழந்தைக்கும் இதே திட்டம்தான் என்பது அந்த அளவுக்குத் தெரியவில்லை.

மருத்துவர்கள், செவிலியர், மருந்தாளுநர் கொண்ட நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வர வேண்டும். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை. குழு வரும் நாளை அங்கன்வாடிப் பணியாளரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, அன்று நீங்களும் உடன் இருங்கள். ஒரே நாளில் ஏராளமான குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவரிடம் ‘பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இவன் திரும்புவதில்லை’ என்று நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியம் பெரிய வேலை செய்யும்.

தனியார் மழலையர் பள்ளிக்குப் போகும் குழந்தையும் வீட்டிலேயே இருக்கும் குழந்தையும் இந்தக் குழுவின் கண்ணில் படாமல் போய்விடுவார்கள். அவர்களுக்கு எந்த எச்சரிக்கையும் வெளியிலிருந்து வராது. பெற்றோர்தான் கிளம்ப வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலோ சீட்டு எடுத்து, ‘டி.இ.ஐ.சி.க்கு அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். அது மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம். பொதுவாக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ இருக்கும். எங்கே என்று தெரியாவிட்டால், தமிழ்நாட்டில் 104 என்ற இலவச எண்ணில் விசாரிக்கலாம்.

எப்போது போவது? தாய் சேய் நல அட்டையில் எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்ய வேண்டும் என்று படத்தோடு அச்சிட்டிருக்கிறார்கள். தடுப்பூசித் தேதி பார்ப்பதோடு அந்த அட்டையை மூடிவிடுகிறோம். அந்தப் பக்கத்தையும் பாருங்கள். ஒரு வயதில் மழலை ஒலியோ, விரலால் சுட்டிக்காட்டுவதோ இல்லை. பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை. இரண்டு வயதில் இரண்டு சொற்களைத் தானாகச் சேர்த்துச் சொல்வதில்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் போய்க் காட்டுவதே சரி. வந்த பேச்சு நின்றுபோனால் எந்த வயதாக இருந்தாலும் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அடம்பிடிப்பதும் தரையில் புரண்டு அழுவதும் இரண்டு, மூன்று வயதில் எல்லாக் குழந்தைகளும் செய்வதுதான். தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் அளவுக்கு அது போனால், அல்லது வீட்டிலும் பள்ளியிலும் மாதக்கணக்கில் நீடித்தால், அதையும் காட்ட வேண்டும்.

மையத்தில் முதலில் காது பரிசோதனை செய்யச் சொன்னால் வியக்காதீர்கள். கேட்காத குழந்தை பேசாது, கூப்பிட்டால் திரும்பாது. வெளிப்பார்வைக்கு ஆட்டிசம் போலவே தோன்றும். பிறவிச் செவிக்குறைபாடு உறுதியானால், தகுதியுள்ள 6 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒலியை உணரச் செய்ய உட்காதில் வைக்கும் காக்ளியர் கருவியைப் பொருத்தும் அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. வயது வரம்பு இருப்பதால் இதில் ஒவ்வொரு மாதமும் கணக்கு.

குழந்தைகள் நல மருத்துவர், பேச்சு மற்றும் செவித்திறன் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர், உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர் என ஒரு குழுவே அந்த மையத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. எல்லா மையத்திலும் எல்லாப் பணியிடமும் நிரம்பியிருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். எந்தப் பயிற்சியாளர் எந்த நாளில் வருகிறார் என்று கேட்டுக்கொண்டு போவது அலைச்சலைக் குறைக்கும். புது இடத்தில், புது மனிதர் முன் குழந்தை வீட்டில் இருப்பதுபோல் இருக்காது. ஆகவே சாப்பிடும்போதும் விளையாடும்போதும் கைபேசியில் எடுத்த சில நிமிட வீடியோக்களைக் கொண்டுபோங்கள். பிறப்பு விவரச் சீட்டும் தடுப்பூசி அட்டையும் கையில் இருக்கட்டும்.

முதல் நாளிலேயே நோயின் பெயரைச் சொல்லாமல் ‘பயிற்சியை ஆரம்பிப்போம், பிறகு பார்ப்போம்’ என்று மருத்துவர் சொன்னால் அது தட்டிக்கழிப்பது அல்ல. சின்ன வயதில் பெயர் மாறலாம். பேச்சுப் பயிற்சியும் விளையாட்டு வழிப் பயிற்சியும் எந்தப் பெயருக்கும் உதவும். மிகைத் துடிப்புக்கும் பள்ளி வயதுக்கு முன் முதலில் தருவது மாத்திரை அல்ல, குழந்தையை எப்படிக் கையாள்வது என்று பெற்றோருக்குத் தரும் பயிற்சி. மையத்தில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் அதிகம். மீதி நேரமெல்லாம் வீட்டில்தான் என்பதால், ஒவ்வொரு முறையும் ‘வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்’ என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். மாவட்ட மையம் தொலைவு என்றால், பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநர்களையும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் ஆரம்பநிலைப் பயிற்சி மையங்களையும் விசாரியுங்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்திலும் 2021 முதல் இத்தகைய மையம் இயங்குகிறது.

சான்றிதழ் அடுத்த கட்டம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 ஏற்கும் 21 வகைகளில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பெருமூளை வாதம், பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு ஆகியவை உண்டு. ஏ.டி.எச்.டி. அதில் இல்லை, அந்தப் பெயரில் மட்டும் சான்றிதழ் கிடைக்காது. ஆனாலும் டி.இ.ஐ.சி. பயிற்சிக்கு அது தடையல்ல. சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழே தருவார்கள். குறிப்பிட்ட காலம் கழித்து மறுபடி மதிப்பிடுவார்கள். வாழ்நாள் முத்திரை என்று அஞ்சித் தயங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குழந்தை முன்னேறினால் தாளில் உள்ளதும் மாறும்.

சலுகைகள் பலவும் 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கே. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடு ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. சேரும் முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. பயிற்சிச் செலவையும் வரம்புக்குட்பட்டுத் திரும்பப் பெறலாம் என்பதே இதன் பெரிய பயன். தமிழ்நாட்டின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பம் தர வேண்டும்.

இந்தப் பாதையில் அலையும் பெற்றோரைத் தேடி வரும் சில விளம்பரங்களும் உண்டு. மூல உயிரணுக்களை உடலில் செலுத்தும் ஸ்டெம் செல் முறையை ஆட்டிசத்துக்குச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-லேயே தெரிவித்திருக்கிறது. நகையை அடகு வைத்து அதற்குப் பணம் கட்டாதீர்கள். அந்தப் பணம் பேச்சுப் பயிற்சிக்குப் போய்வரும் பஸ் செலவுக்கு உதவட்டும்.

பள்ளியில் சேர்க்கும் நாளில் இன்னொன்று நினைவில் இருக்கட்டும். அரசு அங்கீகாரமோ நிதியோ பெற்ற பள்ளி, குறைபாட்டைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது 2016 சட்டத்தின் 16-வது பிரிவு. கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தமும் குறைபாடுள்ள குழந்தையை ‘வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு’ என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடங்களுக்கு அந்தக் குழந்தையும் விண்ணப்பிக்கலாம். ‘இங்கே சமாளிக்க முடியாது’ என்று வாய்வார்த்தையாகச் சொன்னால், மறுப்பதற்கான காரணத்தை எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதித் தர மறுத்தால், நடந்ததை நீங்களே தேதியோடு எழுதி மாவட்டக் கல்வி அலுவலரிடமும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும் புகாராகக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.