மெலனினுக்குத் தமிழில் என்ன சொல்?

பெங்களூரு அல்சூரில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது, பத்தாவது படிக்கும் அவர் மகள் என் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னாள். வார் மறைத்திருந்த இடம் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வெளுத்திருந்தது. "இது மெலனின் வேலை, சித்தப்பா. தமிழ்ல இதுக்கு என்ன பேரு?" என்றாள். பள்ளியில் அவளுக்கு இரண்டாம் மொழி கன்னடம்.

மெலனின் என்பது தோலுக்கும் முடிக்கும் கண்ணுக்கும் நிறம் தரும் பொருள். மெலஸ் என்றால் கிரேக்கத்தில் கருப்பு. மெலனேசியா என்ற தீவுக்கூட்டத்தின் பெயரிலும் அதுதான் இருக்கிறது. 1840இல் சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் கரிய நிறப்பொருளுக்கு மெலனின் என்று பெயர் வைத்தார்.

நம் பாடநூல்களில் நிறமி என்று இருக்கிறது. நிறத்தோடு 'இ' சேர்ந்த அழகான சொல். ஆனால் இலையின் பச்சையமும் நிறமிதானே? அதனால் மெலனினைக் கருநிறமி என்பார்கள். அதிலும் ஓர் இடறல் உண்டு. மெலனினில் இரண்டு வகை: யூமெலனின் கருப்பும் பழுப்பும் தருவது, ஃபியோமெலனின் சிவப்பும் மஞ்சளும் தருவது. எம்.சி.1.ஆர். மரபணுவின் சில மாற்று வடிவங்கள் சரியாக வேலை செய்யாதபோது இரண்டாவது மிகுந்து, ஐரோப்பியர் சிலருக்கு முடி செம்பட்டையாகிறது. ஆகவே முதலாவதைக் கருநிறமி, இரண்டாவதைச் செந்நிறமி என்று சொல்லலாம். பொதுப்பெயராக மெலனின் அப்படியே இருக்கட்டும் என்பது என் கருத்து.

கண்ணுக்கு வந்தால், நீலக் கண்ணில் நீல நிறமியே கிடையாது. மெலனின் உண்டாக உதவும் ஓ.சி.ஏ.2 மரபணுவை முடுக்கும் சுவிட்ச் போன்ற பகுதி பக்கத்து மரபணுவான ஹெர்க்2-க்குள் இருக்கிறது. அது தளர்ந்தால் கருவிழியில் மெலனின் குறைந்து, சிதறும் ஒளி நீலமாகத் தெரிகிறது.

அப்புறம்தான் அவள் மனதில் இருந்ததைக் கேட்டாள். "எங்க அண்ணன் மட்டும் ஏன் செவப்பு?" கல்யாண வீடுகளில் யாரோ சொல்லிச் சொல்லி உறுத்தியிருக்கிறது.

தோல் நிறத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன. அவற்றில் ஒன்று எஸ்.எல்.சி.24.ஏ.5. வரி வெளிறிய ஒரு வரிக்குதிரை மீனை ஆராய்ந்தபோது, 2005இல் மனிதத் தோலில் அதற்குள்ள பங்கு தெரியவந்தது. அதன் டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து மாறினால் தோல் வெளிறும். இந்த மாற்று வடிவம் இந்தியாவில் ஒரு மக்கள் கூட்டத்துக்கு நிறைய, இன்னொன்றுக்குக் குறைவு என்று 2013இல் ஐதராபாத் சி.சி.எம்.பி. உயிரியல் ஆய்வு மையத்தின் குமாரசாமி தங்கராஜ் குழு காட்டியது. அப்பா, அம்மா இருவரிடமும் இரண்டு வடிவமும் இருந்தால், ஒரு பிள்ளைக்கு இதுவும் இன்னொரு பிள்ளைக்கு அதுவும் போகலாம். மெலனின் செய்யும் செல்களின் எண்ணிக்கை இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். செய்யும் அளவும் வகையும்தான் வேறு.

கருப்புக்குத் தமிழில் 'மா' என்றும் ஒரு சொல் உண்டு. மாயோன் என்றால் கரியவன். குறுந்தொகைத் தலைவி, பிரிவால் மேனி வெளிறும் பசலை தின்றுவிடுமே என்று வருந்துவது தன் 'மாமைக் கவி'னுக்காக. வெளிறிப்போவதுதான் அவளுக்குக் குறை. இன்று மாநிறம் என்று சொல்லும்போதும் அந்த 'மா' என் காதில் விழுகிறது.

அவள் நோட்டில் மெலனினுக்குப் பக்கத்தில் 'மாமை' என்று எழுதி, எழுத்துக்கூட்டு சரியா என்று என்னிடம் காட்டினாள்.