விண்டோஸில் யூனிக்ஸ் அலாரம்: டைமரும் சிக்னலும் இயங்கும் விதம்

யூனிக்ஸ் என்ற இயங்குதளத்துக்கென எழுதிய ஒரு நிரல், ஐந்து விநாடியில் தன்னை எழுப்பும்படி அதன் மையப் பகுதியான கர்னலிடம் சொல்லிவிட்டு, விசைப்பலகை உள்ளீட்டுக்காகக் காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேரம் வந்ததும் கர்னல் அலாரம் சிக்னலை அனுப்பும். நிரல் செய்துகொண்டிருந்ததை அப்படியே நிறுத்தி, அந்தச் சிக்னலுக்கென எழுதிவைத்த கையாளி என்ற நிரல்பகுதிக்குத் தாவும். விண்டோஸில் இத்தகைய சிக்னல் ஏற்பாடு கிடையாது. 1995-இல் தொடங்கிய சிக்வின் போன்ற இணக்க அடுக்குகள், நிரலுக்கும் விண்டோஸுக்கும் நடுவே ஒரு நூலகமாக நின்று அதை உருவாக்கித் தருகின்றன.

இதில் டைமர் எளிய பகுதி. தனி இழை (ஒரு நிரலுக்குள் தனியே ஓடும் வேலைத்தொடர்) ஒன்று விண்டோஸின் காத்திருப்பு டைமரை வைத்துக்கொண்டு உறங்கும். நேரம் வந்தால் விழித்துச் சிக்னலை எழுப்பும். யூனிக்ஸ் 1970-இலிருந்தும் விண்டோஸ் 1601-இலிருந்தும் காலத்தை எண்ணுவதால், விண்டோஸ் நேரத்தை யூனிக்ஸ் நேரமாக மாற்றும்போது 1,164 கோடி விநாடிக்கும் மேலான வித்தியாசத்தைக் கழிக்க வேண்டும். அது வெறும் கணக்குதான். கவனம் தேவைப்படுவது மீண்டும் மீண்டும் அடிக்கும் டைமரில். பத்து மில்லிவிநாடிக்கு ஒருமுறை அடிக்க வேண்டிய டைமர் ஒவ்வொரு முறையும் இரண்டு மில்லிவிநாடி தாமதமாக விழித்து, விழித்த நேரத்திலிருந்தே அடுத்த தவணையைக் கணக்கிட்டால், நூறு சுற்றில் 200 மில்லிவிநாடி பின்தங்கிவிடும். ஆகவே, விழித்திருக்க வேண்டிய நேரத்திலிருந்தே அடுத்ததைக் கணக்கிட வேண்டும். தவறிய தவணைகளுக்காகத் தனித்தனிச் சிக்னல்கள் அனுப்புவதில்லை. எத்தனை தவறின என்பதை நிரல் கேட்டறிய வழி இருக்கிறது.

உண்மையான சிக்கல், சிக்னலை எந்தக் கணத்தில் ஒப்படைப்பது என்பதே. சிக்னல்களை ஒப்படைக்கும் இழை, நிரல் ஓடும் முதன்மை இழையை ஒரு கணம் நிறுத்திவைத்து, அது எந்த முகவரியில் ஓடிக்கொண்டிருந்தது என்று பார்க்கிறது. நிரலின் சொந்தப் பகுதியில் இருந்தால் அங்கிருந்தே கையாளிக்குத் திருப்பிவிடலாம். அடுக்கின் உள்ளே, நினைவகம் ஒதுக்குவதற்காக ஒரு பூட்டை (வேறு யாரும் அதே வேலையில் நுழையாமல் தடுக்கும் ஏற்பாட்டை) பிடித்துக்கொண்டிருந்தால்? கையாளியும் நினைவகம் கேட்டால், பூட்டைத் திறக்க வேண்டிய இழையே அந்தப் பூட்டுக்காகக் காத்து நிற்கும். நிரல் அத்தோடு உறைந்துவிடும். எப்போதோ ஒருமுறை மட்டும் நேர்வதால், இது கண்டுபிடிக்க மிகக் கடினமான பிழை.

சிக்வினின் தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. முதன்மை இழை அப்போது அடுக்கின் உள்ளே ஓட்டிக்கொண்டிருக்கும் செயற்கூறு (function) முடிந்ததும் திரும்பிச் செல்ல வேண்டிய முகவரியைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, அதனிடத்தில் சிக்னல் வழங்கும் பகுதியின் முகவரியை வைத்துவிடுகிறது. செயற்கூறு தன் வேலையை முடித்து, பூட்டையும் விடுவித்துத் திரும்பும்போது நேராகக் கையாளிக்குப் போகிறது. அதன்பின் உண்மையான முகவரிக்குச் செல்கிறது. செயற்கூறு தந்த விடையும் செயலியின் பதிவகங்களில் இருந்த மதிப்புகளும் இடையில் சேமிக்கப்பட்டு மீட்கப்படுவதால், அழைத்த நிரலுக்கு நடுவில் நடந்தது எதுவும் தெரியாது. முதன்மை இழை விண்டோஸின் சொந்த நூலகத்துக்குள் இருந்தால், சற்று விட்டு மீண்டும் முயல்வதைத் தவிர வேறு வழியில்லை.

ஆனால் உள்ளீட்டுக்காகக் காத்திருக்கும் நிரல், யாரும் எதையும் தட்டாதவரை, அந்தச் செயற்கூற்றிலிருந்து திரும்பவே போவதில்லை. அதனால் அடுக்கு அங்கே உள்ளீடு, சிக்னல் ஆகிய இரண்டுக்காகவும் ஒருசேரக் காத்திருக்கிறது. சிக்னல் முந்தினால், குறுக்கிடப்பட்டது என்ற பிழைக்குறியோடு அழைப்பு முடியும். நிரல் முன்கூட்டியே கேட்டிருந்தால், கையாளி முடிந்தபின் அதே அழைப்பு மீண்டும் தொடங்கும்.

நிரல் தன்னையே வேறொரு நிரலாக மாற்றிக்கொள்ளும்போது, மீதமிருக்கும் அலாரம் நேரம் அழியக்கூடாது என்பது யூனிக்ஸ் விதி. யூனிக்ஸில் செயல்முறை (ஓடிக்கொண்டிருக்கும் நிரலைக் கர்னல் அடையாளம் காணும் அலகு) மாறுவதில்லை என்பதால் அது தானாகவே நடக்கிறது. சிக்வினோ அப்போது விண்டோஸில் முற்றிலும் புதிய செயல்முறையைத் தொடங்குவதால், எஞ்சிய விநாடிகளையும் அதனிடம் கையோடு ஒப்படைக்க வேண்டியிருக்கிறது.