காரில் பூட்டிய துப்பாக்கியும் கைக்கு வரும் பணிநீக்கக் கடிதமும்

சென்ற வியாழக்கிழமை என் மேசைக்கு எதிரே அமர்ந்திருந்தவர், பணிநீக்கக் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதை விரித்துக் காட்டுவதற்கு முன்பே, "டெக்சஸில் ஆபீஸ் பார்க்கிங்கில் நிற்கும் காருக்குள் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றுதானே சட்டம் இருக்கிறது?" என்று கேட்டார். இருக்கிறது. ஆனால் அன்று அவர் ஓட்டி வந்தது அவருடைய கார் இல்லை. வாடிக்கையாளர்களைப் பார்த்து வருவதற்காக நிறுவனம் குத்தகைக்கு எடுத்துக் கொடுத்திருந்த வாகனம். சொந்த வண்டி பிரேக் வேலைக்காகப் பட்டறையில் நின்றதால், அதில் வழக்கமாக இருக்கும் கைத்துப்பாக்கியை எடுத்து இதில் வைத்துப் பூட்டியிருக்கிறார். அந்த ஒரு மாற்றத்தோடு சட்டத்தின் பாதுகாப்பு போய்விட்டது. இத்தகைய கடிதத்தோடு இந்த மாதம் என்னிடம் வந்தவர்களில் அவர் மூன்றாமவர். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி விவரங்களைச் சற்று மாற்றியிருக்கிறேன், தவறுகளை மாற்றவில்லை.

மூவரும் சொன்னது ஒன்றேதான்: "இரண்டாம் திருத்தம் எனக்கு உரிமை தந்திருக்கிறது, வண்டி என் சொத்து, கம்பெனி இதில் தலையிட முடியாது." தொழிலாளர் சட்ட வழக்கறிஞராக இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன் என்பதால் சற்று நீட்டியே சொல்கிறேன். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையைச் சொல்லும் அமெரிக்க அரசமைப்பின் இரண்டாம் திருத்தம் அரசின் கையைக் கட்டுகிறது. உங்கள் முதலாளியின் கையைக் கட்டவில்லை. தனியார் நிறுவனம் அரசு அன்று. பேச்சுரிமை இருக்கிறது என்பதற்காக மேலாளரைக் கூட்டத்தில் ஏசிவிட்டு வேலையில் தொடர முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. துப்பாக்கி என்று வந்தால் மட்டும் அந்தத் தெளிவு எங்கோ போய்விடுகிறது. வேலை ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்படாதவரை, இந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் முதலாளி காரணமே சொல்லாமல் ஒருவரை வேலையிலிருந்து அனுப்பலாம். அந்த அதிகாரத்தைத் தடுக்க ஒரு தனிச் சட்டம் வேண்டும். அந்தச் சட்டம் மாநிலச் சட்டமன்றத்தில் எழுதப்பட்டது, அரசமைப்பில் இல்லை. ஆகவே அதன் ஒவ்வொரு சொல்லும், ஒவ்வொரு விலக்கும் உங்களைக் கட்டுப்படுத்தும்.

இதை நம்ப மறுப்பவர்களுக்கு நான் சொல்லும் வழக்கு ஒன்று உண்டு. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரில், ஏ.ஓ.எல். என்ற இணையச் சேவை நிறுவனத்தின் ஊழியர்கள் மூவர், வேலை நேரத்துக்கு வெளியே, துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் புறப்படும் வழியில், நிறுவனத்தின் வாகன நிறுத்துமிடத்தில் தங்கள் துப்பாக்கிகளை ஒரு காரிலிருந்து இன்னொரு காருக்கு மாற்றினார்கள். யாரையும் மிரட்டவில்லை. ஆயினும் மூவருக்கும் வேலை போயிற்று. 2004-இல் யூட்டா உச்ச நீதிமன்றமும் பணிநீக்கம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. யூட்டாவில் ஊழியர்களுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் 2009-இல்தான் வந்தது.

இத்தகைய சட்டங்களின் தொடக்கம் ஓக்லஹோமாவில். 2002 அக்டோபரில், வேலியன்ட் என்ற சிற்றூரில் இருந்த வேயர்ஹாயூசர் காகித ஆலை, மோப்ப நாய்களோடு தன் வாகன நிறுத்துமிடத்தைச் சோதனையிட்டது. வேட்டைத் துப்பாக்கிகளை வண்டியில் விட்டுவிட்டு வேலைக்கு வருவது வழக்கமாக இருந்த ஊர் அது. நிறுவனத்தின் ஊழியர்களும் ஒப்பந்த ஊழியர்களுமாகப் பலர் வேலையிழந்தார்கள். அவர்கள் தொடுத்த வழக்கில் பின்னாளில் நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கமே நின்றது. அந்தப் பணிநீக்கங்கள் எழுப்பிய கோபத்தில் 2004-இல் மாநிலம் சட்டம் இயற்ற, பெருநிறுவனங்கள் நாடு முழுமைக்குமான கூட்டாட்சிப் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி அதை எதிர்க்க, 2009-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் மாநிலச் சட்டம் செல்லும் என்றது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் இது இருக்கிறது. கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் நியூ ஜெர்சியிலும் இல்லை. ப்ராஜெக்ட் மாறி டல்லாஸிலிருந்து ஜெர்சிக்குப் போகும் நண்பர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

டெக்சஸ் சட்டம் 2011 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. துப்பாக்கியைச் சட்டப்படி வைத்திருக்கும் ஊழியர், தனிநபருக்குச் சொந்தமான, பூட்டிய வாகனத்துக்குள், ஊழியர்களுக்கென முதலாளி ஒதுக்கிய நிறுத்துமிடத்தில் அதை வைப்பதைத் தடுக்கக் கூடாது என்பதே அதன் சாரம். இதில் "சட்டப்படி", "சொந்தமான", "பூட்டிய" ஆகிய மூன்று சொற்களில் ஒன்று தவறினாலும் மீதி நிற்காது. கட்டடத்துக்குள் துப்பாக்கியைத் தடைசெய்யும் உரிமை முதலாளிக்கு அப்படியே இருக்கிறது. விலக்குகளும் பல: பள்ளிகளுக்குத் தனி விதி, துப்பாக்கித் தடை எழுதப்பட்ட எண்ணெய், எரிவாயு குத்தகை நிலங்களுக்கு இது பொருந்தாது, வேதியியல் ஆலைகளிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் உரிமம் பெற்றவர்களுக்கு மட்டும், அதுவும் காவலுள்ள பகுதிக்கு வெளியே இருக்கும் நிறுத்துமிடத்தில் மட்டும். 2021-இலிருந்து டெக்சஸில் பெரும்பாலானோருக்குக் கைத்துப்பாக்கியைப் பொது இடத்தில் உடன் எடுத்துச் செல்ல உரிமம் தேவையில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்கும் ஹூஸ்டன் ஆலைப் பொறியாளர்கள் இந்தக் கடைசி விலக்கில்தான் மாட்டுகிறார்கள்.

மீறினால் முதலாளிக்கு என்ன தண்டனை, ஊழியருக்கு என்ன ஈடு என்று டெக்சஸ் சட்டம் எழுதவில்லை. என் தொழிலில் எரிச்சலூட்டும் இடைவெளிகளில் இதுவும் ஒன்று. டென்னசியிலும் 2013-இல் இப்படித்தான் பாதிச் சட்டமாக இயற்றிவிட்டு, வேலை போனவர் வழக்குத் தொடரலாம் என்பதை 2015-இல் தனியாகச் சேர்த்தார்கள். புளோரிடாவின் 2008 சட்டம் இதைவிடத் தெளிவானது: காரில் துப்பாக்கி இருக்கிறதா என்று முதலாளி கேட்கவும் கூடாது. மிசிசிப்பியிலோ, வேலியிட்டு நுழைவைக் கட்டுப்படுத்திய நிறுத்துமிடமாக இருந்தால் முதலாளி தடை விதிக்கலாம்.

மாநிலச் சட்டம் எதுவானாலும், அஞ்சலகத்தின் நிறுத்துமிடம் கூட்டாட்சி விதிக்கு உட்பட்டது. அங்கே காருக்குள்ளும் துப்பாக்கி கூடாது. மதிய உணவு இடைவேளையில் பார்சல் அனுப்பப் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவரானால், மேலே சொன்ன எதுவும் உங்களுக்கானதில்லை. அத்தகைய விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். 15 ஆண்டு வரை சிறை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருக்கின்றன. அவற்றை நம்பித் துப்பாக்கி வாங்குவதற்கு முன் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும், வாங்கிய பின் அல்ல. "நண்பனுடையது, என் டிக்கியில் சும்மாதான் இருந்தது" என்பது தற்காப்பு வாதமாகாது. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடுகடத்தலும் பின்தொடரும். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் அந்த ஆபத்து உண்டு.

மற்றவர்களுக்கு: நிறுத்துமிடத்தில் துப்பாக்கியை வெளியே எடுக்காதீர்கள், இடம் மாற்றவும் கூடாது, சக ஊழியருக்குக் காட்டவும் கூடாது. கிளவ் பாக்ஸ் பெட்டகம் அன்று. இருக்கையின் இரும்புச் சட்டத்தோடு கம்பிவடத்தால் பிணைத்த சிறு பெட்டகம் வாங்குங்கள். நீங்கள் ஆலோசகராக வேறொருவர் அலுவலகத்தில் வேலை செய்பவரானால், அந்த அலுவலகம் உங்கள் முதலாளி இல்லை என்பதையும், அதன் நிறுத்துமிடத்துக்கு இச்சட்டம் பொருந்தும் என்று தானாக முடிவுகட்டக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். எச்.ஆர். அழைத்துக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். வழக்கறிஞரிடம் பேசிவிட்டுப் பதில் தருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். எதிலும் அன்றே கையெழுத்திட வேண்டாம்.

மூவரில் இரண்டாமவர் எச்-1பி விசாவில் இருந்தவர். ஊர் திரும்பிய அறைத்தோழர் கொடுத்துவிட்டுப் போனது என்றார். பணிநீக்கக் கடிதத்தில் இருந்த தேதி ஒன்பது நாள் பழையது. அந்தத் துப்பாக்கி இப்போது எங்கே என்று கேட்டேன். "கீழே கார்லதான் சார் இருக்கு" என்றார். கடிதத்தை மூடி வைத்துவிட்டு, குற்றவியல் வழக்குகள் நடத்தும் நண்பரைத் தொலைபேசியில் அழைத்தேன்.