சுத்துமாத்து: சுற்றலும் மாற்றலும்

கேட்டதற்கு நேரே பதில் சொல்லாமல், பேச்சைச் சுழற்றித் தப்பிவிடும் பொய்யனை ஈழத்தில் சுத்துமாத்துக்காரன் என்போம். திருகோணமலையில் மீன் சந்தையிலிருந்து மாவட்டச் செயலகமான கச்சேரியின் வாசல் வரை இந்தச் சொல் புழங்குகிறது.

அறுக்குளா மீன் வாங்கிய கடனை ஒரு சுத்துமாத்துக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். "தரமாட்டேன்" என்று அவர் சொல்லவே மாட்டார். "தம்பியிடம் கொடுத்தனுப்பினேனே அண்ணன், வந்து சேரவில்லையா?" என்பார். தம்பியைக் கூட்டி வந்தால், "இவனில்லை, மூத்தவன்." மூத்தவனும் வந்து நின்றால், "நான் சொன்னது போன மாதக் கணக்கையல்லவா!" ஒரு பொய்யைப் பிடிப்பதற்குள் அடுத்ததற்குத் தாவியிருப்பார்.

ஒலியைக் கேட்டு இதைக் கோல்மால் போல வடக்கிலிருந்து வந்த சொல்லென்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. சுற்று, மாற்று என்ற இரண்டும் தமிழே. பேச்சில் காற்று என்பது காத்து ஆவது போல இவையும் சுத்து, மாத்து என்று திரிந்தன. சுற்றிவளைத்துப் பேசுவது சுற்று, பிடிபடும்போது சொன்னதை மாற்றுவது மாற்று. அந்த மனிதரின் வேலை முழுவதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எனக்கு இந்தச் சொல் மேல் இத்தனை பிரியம் வரக் காரணமும் அதுதான்.

பேய்க்காட்டுதல் இதற்குப் பக்கத்துச் சொல். இங்கே பேயன் என்றால் முட்டாள். பேய்க்காட்டுவது கேட்பவரை முட்டாளாக்குவது. சுத்துமாத்தோ சொல்பவரின் நழுவலைக் குறிக்கிறது.

பொய்யையும் நழுவலையும் பிரித்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. "பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர்" என்கிறது தொல்காப்பியக் கற்பியல். செய்ததை மறைப்பது பொய் என்றும், செய்ததில் கடைசிவரை நிற்காமல் தப்பி ஒழுகுவது வழு என்றும் இளம்பூரணர் உரை வகுக்கிறது. அங்கே பேசப்படுவது காதலும் திருமணமும். ஆனாலும் அந்த வழுவுக்கு நம்முடைய சுத்துமாத்து நெருங்கிய உறவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

செய்தி எழுதுகிறவர்கள் இதை ஒதுக்கிவிட்டு, எல்லாவற்றுக்கும் மோசடி என்று போடுகிறார்கள். பணம் சுருட்டியதைச் சொல்ல அது போதும். நழுவலைச் சொல்லப் போதாது. சுற்றுமாற்று என்று திருத்தமாகவே எழுதலாம், அதில் கூச்சப்பட எதுவுமில்லை. பிடிகொடுக்காத பதிலை மட்டும் குறிக்க மழுப்பல் இருக்கிறது. கட்ட வேண்டிய வரியைக் கட்டாமல் தப்புவதற்கு ஏய்ப்பு ஏற்கெனவே நிலைத்துவிட்டது.